சீட்டைச் சுமக்கும் புரதங்கள்



பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் டி.என்.ஏ. என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, ஆர்.என்.ஏ. என்று எழுதி, இன்னோர் அம்புக்குறி போட்டு, புரதம் என்று எழுதி முடித்தேன். ஆண்டுதோறும் நான் எழுதும் வரிதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அந்த இரண்டாவது அம்புக்குறிக்குள்ளே என்ன நடக்கிறது?" என்று கேட்டாள். மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் உறுத்தியது. நல்ல கேள்வியை உட்கார வைத்துவிட்டோமே என்று வீடு போய்ச் சேரும் வரை அதே நினைவு. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

பதில் காண நாம் ஈஸ்ட்டிடம் போக வேண்டும். ஆப்ப மாவு பொங்குவதும் பேக்கரி பன் உப்புவதும் ஈஸ்ட்டின் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டிமார் ஆப்பத்துக்குக் கள் சேர்த்துப் புளிக்க வைத்தார்கள். அந்தக் கள்ளுக்குள் இருந்ததும் ஈஸ்ட்தான். இன்று நாம் அதைக் கடையில் பொட்டலமாக வாங்குகிறோம். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்பது அதன் அறிவியல் பெயர். ஓர் ஈஸ்ட் செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்கு. அத்தனை சிறியதானாலும் அதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். பாக்டீரியாவுக்கு இல்லாத உட்கரு அதற்கு உண்டு. மைட்டோகாண்டிரியாவும் உண்டு. உடலமைப்பில் அது பாக்டீரியாவை விட நமக்கே நெருங்கிய உறவு. உட்கரு உள்ள உயிர்களுள் முதன்முதலாக மரபு எழுத்துகள் முழுவதும் படித்து முடிக்கப்பட்டது ஈஸ்ட்டுக்குத்தான். அது நடந்த ஆண்டு 1996. 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள், சுமார் 6000 ஜீன்கள் என்று கணக்கிட்டார்கள்.

ஈஸ்ட் பெருகும் விதமும் தனி. நம் உடற்செல்லைப் போல நடுவில் இரண்டாகப் பிளப்பதில்லை. பக்கத்தில் ஒரு சிறு மொட்டு அரும்புகிறது. அது பருத்து, தனக்கென ஓர் உட்கருவைப் பெற்றுப் பிரிகிறது. பெரியதைத் தாய்ச் செல் என்றும், மொட்டிலிருந்து வந்ததை மகள் செல் என்றும் விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள். சர்க்கரை நிறைய இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மகள் பிறந்துவிடுவாள்!

இனி அம்புக்குறிக்குள் நுழைவோம். நம் பள்ளியில் சர்க்குலர் வருவதை நினைத்துப் பாருங்கள். மூலப் பதிவேடுகள் எல்லாம் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களின் அறையில், இரும்பு பீரோவில் இருக்கின்றன. அவை வெளியே வருவதில்லை. வேண்டிய செய்தியை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். வகுப்பாசிரியை அதை வாசிக்க, நாம் அதன்படி செய்கிறோம். செல்லிலும் அப்படித்தான். டி.என்.ஏ. என்பது உட்கருவுக்குள் பூட்டியிருக்கும் பதிவேடு. அதில் ஒரு பகுதியைப் பார்த்து எழுதிய சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. சீட்டை வாசித்து அதன்படி புரதம் கோப்பது ரைபோசோம். இதுவரை பாடநூலில் இருக்கிறது.

ஆனால் ஆயாம்மாவை மறந்துவிட்டோமே! சர்க்குலர் தானாக நடந்தா வகுப்புக்கு வருகிறது? ஆயாம்மா எடுத்து வருகிறார். எந்த வகுப்புக்கு முதலில், எதற்கு நாளைக்கு, பத்தாம் வகுப்புக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தேதி முடிந்த சர்க்குலரைக் கிழித்துப் போடுவதும் அவரே. செல்லுக்குள் இந்த வேலையைச் செய்பவற்றுக்கு ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள் என்று பெயர். அவை சீட்டைப் பற்றிக்கொள்கின்றன. உட்கருவில் சீட்டு எழுதப்படும்போதே வந்து ஒட்டிக்கொள்பவை சில, வாசலில் காத்திருப்பவை சில. எந்த நேரத்திலும் ஒரு சீட்டு வெறுமனே தனியாகத் திரிவதில்லை. ஈஸ்ட்டில் இத்தகைய புரதங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரே சீட்டு எங்கே போகிறது, எப்போது வாசிக்கப்படுகிறது, எப்போது கிழிக்கப்படுகிறது என்பதை இவை முடிவு செய்கின்றன. எழுத்து மாறாமலே விளைவு மாறிவிடுகிறது.

இதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

ஈஸ்ட்டில் ஏ வகை, ஆல்பா வகை என இரு இணை வகைகள் உண்டு. ஏ வகைச் செல் ஆல்பா வகைச் செல்லோடுதான் இணைய முடியும். இணைந்த செல்லுக்கு ஒரு லாபம் உண்டு: பஞ்சம் வந்தால் அது வித்துகளை உண்டாக்கி, உறங்கிக் கிடந்து பிழைத்துக்கொள்ளும். காட்டில் ஒற்றை ஈஸ்ட் செல் ஏதோ ஒரு பழத்தின் தோல்மேல் போய் விழுகிறது என்று வையுங்கள். துணைக்கு எங்கே போவது? அது தன் மகளைப் பெறுகிறது. பிறகு தாய் தன் வகையையே மாற்றிக்கொள்கிறது. ஏ-வாக இருந்தது ஆல்பாவாகிறது. இதற்கு எச்.ஓ. என்னும் ஜீன் உதவுகிறது. அதிலிருந்து வரும் நொதி, டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. வெட்டிய இடத்தைச் செப்பனிடும்போது மற்ற வகையின் எழுத்துகள் அங்கே படியெடுக்கப்படுகின்றன.

வியப்பு இதுதான்: தாய் மட்டுமே மாறும். மகள் மாறாது. ஒரு முறையாவது தானே ஒரு மகளைப் பெற்ற பிறகுதான் அதற்கு அந்த உரிமை. இருவரிடமும் ஒரே டி.என்.ஏ., ஓர் எழுத்தும் வேறில்லை. எச்.ஓ. ஜீன் மகளிடமும் இருக்கிறது. பின் ஏன் அது வாய் திறப்பதில்லை?

1996இல் இரு குழுவினர் விடையைக் கண்டார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் அனிதா சில் என்ற ஆராய்ச்சியாளரும் ஐரா ஹெர்ஸ்கோவிட்சும். ஆஸ்திரியாவில் வியன்னா நகரில் கிம் நாஸ்மித்தின் குழுவினர். ஆஷ்1 என்ற புரதம் மகளின் உட்கருவில் சேர்ந்து, எச்.ஓ. ஜீனைப் பேசவிடாமல் அடக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். தாயின் உட்கருவில் ஆஷ்1 மிகக் குறைவு. சரி, ஆஷ்1 மகளிடம் மட்டும் எப்படிச் சேர்ந்தது? அடுத்த ஆண்டு, 1997இல், அதற்கும் விடை வந்தது. நகர்ந்து சென்றது ஆஷ்1 புரதம் அன்று, அதன் சீட்டு! தாய் சீட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் மொட்டின் நுனிக்கே அனுப்பிவிடுகிறது.

அந்தப் பயணத்தைக் கவனியுங்கள். ஆஷ்1 சீட்டில் நான்கு இடங்களில் ஆர்.என்.ஏ. இழை தலைக்குக் குத்தும் கொண்டை ஊசியைப் போல வளைந்து மடிந்திருக்கும். அவை முகவரிகள். நாம் முகவரியை உறையின்மேல் எழுதுகிறோம். ஈஸ்ட் அதைப் பெரும்பாலும் கடிதத்தின் வாசகத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறது. புரதத்தின் செய்தியும் போகவேண்டிய ஊரும் ஒரே எழுத்துகளில்! ஷி2 என்ற புரதம் உட்கருவுக்குள்ளேயே சென்று இந்தக் கொண்டை ஊசிகளை இனம் கண்டு பற்றுகிறது. வெளியே வந்ததும் ஷி3 கைகோக்கிறது. ஷி3இன் மறுகை மயோ4 என்ற மோட்டார் புரதத்தைப் பிடித்திருக்கிறது. நம் தசைகளில் இருக்கும் மயோசினின் இனத்தைச் சேர்ந்தது மயோ4. தாய்க்கும் மொட்டுக்கும் இடையே ஆக்டின் இழைகள் கம்பிபோலக் கட்டியிருக்கும். அவற்றின்மேல் மயோ4 அடிமேல் அடி வைத்து நடந்து, சீட்டை ஓரிரு நிமிடத்தில் மொட்டின் நுனியில் சேர்க்கிறது. ஷி என்பது ஒரு நீண்ட தொடரின் சுருக்கம்தான். ஆனாலும் ஆங்கிலத்தில் 'அவள்' என்றும் பொருள்படும் அச்சொல், மகளுக்குச் சீட்டுக் கொண்டு போகும் புரதத்துக்கு வந்து வாய்த்ததை எண்ணிப் பலமுறை சிரித்திருக்கிறேன்.

வழியிலேயே யாராவது சீட்டை வாசித்துவிட்டால்? தாயிடமே ஆஷ்1 உண்டாகிவிடுமே. அதற்கும் காவல் இருக்கிறது. பஃப்6, கே.எச்.டி.1 என்ற இரு புரதங்கள் சீட்டின்மேல் அமர்ந்து, ரைபோசோம் வாசிக்க ஒட்டாமல் தடுத்துக்கொண்டே உடன் வருகின்றன. உறைக்கு அரக்கு முத்திரை வைத்தது போல. மொட்டை அடைந்ததும், செல்சவ்வை ஒட்டியிருக்கும் ஒரு நொதி கே.எச்.டி.1மீது பாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறை ஏற்றுகிறது. அதன் பிடி தளர்கிறது. பஃப்6உம் வேறொரு நொதியின் பாஸ்பேட்டால் அவ்வாறே விலகுகிறது. இனி சீட்டு வாசிக்கப்படும், ஆஷ்1 பிறக்கும், மகளின் உட்கருவுக்குள் போய் அமரும்.

இதெல்லாம் கற்பனையாக இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால் மகிழ்வேன். சோதித்துப் பார்த்தார்கள். ஷி2 இல்லாத ஈஸ்ட்டை உண்டாக்கினார்கள். ஆஷ்1 சீட்டு தாயிலும் மகளிலும் பரவிக் கிடந்தது. இரண்டிலும் ஆஷ்1 சேர்ந்தது. தாயும் மாற முடியாமல் போயிற்று. மறுபுறம் ஆஷ்1 ஜீனையே நீக்கினார்கள். அப்போது மகளும் தாயைப் போல மாறத் தொடங்கியது. முதல் சோதனையை மறுபடி படியுங்கள். அங்கே ஆஷ்1 ஜீனுக்கு ஒரு கீறலும் இல்லை. எச்.ஓ. ஜீனுக்கும் இல்லை. சுமப்பவள் இல்லை, அவ்வளவுதான். அதற்கே ஒரு குடும்பத்தின் ஒழுங்கு குலைந்துவிட்டது.

கண்ணாலும் பார்த்துவிட்டார்கள். 1998இல் ராபர்ட் சிங்கரும் அவருடன் உழைத்தவர்களும் உயிருள்ள ஈஸ்ட்டுக்குள் சீட்டு நகர்வதைப் படம் பிடித்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் எம்.எஸ்.2 என்ற வைரசுக்கு உறையாக இருக்கும் புரதம், ஒருவகைக் கொண்டை ஊசி ஆர்.என்.ஏ.வைக் கண்டால் விடாது பற்றிக்கொள்ளும். அதுவும் ஒரு பிணைப்புப் புரதமே. ஜெல்லிமீனிடமிருந்து கிடைத்த பச்சை ஒளிப் புரதத்தை அதனோடு இணைத்தார்கள். அது பற்றும் கொண்டை ஊசிகளைச் சீட்டோடு சேர்த்தார்கள். இருட்டில் கைவிளக்குடன் ஒருவர் நடப்பது போல, பச்சைப் புள்ளி ஒன்று தாயிலிருந்து மொட்டை நோக்கி ஓடிற்று. பிணைப்புப் புரதத்தைப் படிக்க இன்னொரு பிணைப்புப் புரதத்தையே விளக்காகப் பிடித்த கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஒரு சீட்டுக்கு இத்தனை ஆட்களா என்று தோன்றலாம். ஓர் ஆள் பல சீட்டுகளைக் கவனிப்பதும் உண்டு. பஃப்3 அத்தகையது. பன் மாவில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் விடுகிறது. வாயு மாவை உப்ப வைக்கிறது. ஆல்கஹால் அடுப்புச் சூட்டில் பறந்துவிடுகிறது. இந்த நொதித்தலுக்கு மைட்டோகாண்டிரியா அதிகம் தேவையில்லை. ஆனால் சர்க்கரை தீர்ந்த பின், காற்று கிடைத்தால், தான் விட்ட ஆல்கஹாலையே ஈஸ்ட் எரித்து வாழும். அதற்கு மைட்டோகாண்டிரியா நிறைய வேண்டும். அதைக் கட்ட நூற்றுக்கணக்கான புரதங்கள் ஒரே நேரத்தில் வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் ஒருசேர நடத்துவது யார்?

பஃப்3உடன் ஒட்டியிருந்த சீட்டுகளை 2004இல் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டவை. கிட்டத்தட்ட எல்லாமே மைட்டோகாண்டிரியாவுக்கு உரியவை! பஃப் இனத்துப் புரதங்களில் எட்டு மடிப்புகள் வில்போல அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொரு மடிப்பும் ஆர்.என்.ஏ.யில் ஓர் எழுத்தைத் தொட்டுப் பார்க்கும். யு, ஜி, யு, ஏ என்று தொடங்கும் எட்டெழுத்துச் சொல் சீட்டின் வால்பகுதியில் இருந்தால் பஃப்3 பற்றிக்கொள்ளும். சர்க்கரை உள்ளபோது பஃப்3 பற்றிய சீட்டுகள் விரைவில் சிதைக்கப்படுகின்றன. சர்க்கரை தீர்ந்ததும் பஃப்3மீது பாஸ்பேட் ஏறுகிறது. அதே பஃப்3, அதே சீட்டுகள். இப்போது அவை நன்றாக வாசிக்கப்படுகின்றன. இதை 2015இல் காட்டினார்கள். நேற்று வரை சீட்டைக் கிழித்தவரே இன்று அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார் எனலாம்.

பாப்1 என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தூது ஆர்.என்.ஏ.யின் முனையில் ஏ, ஏ, ஏ என்று ஒரே எழுத்தாலான வால் ஒன்று உண்டு. பாப்1 அந்த வாலைப் பற்றிச் சீட்டைக் காக்கிறது. வாசிப்புக்கும் துணை செய்கிறது. ஈஸ்ட்டுக்கு உகந்த வெப்பம் 30 பாகை செல்சியஸ். சூடு 40 பாகையைத் தாண்டி ஏறினால் பாப்1 மூலக்கூறுகள் ஒன்றுகூடிக் கூழ்போலத் திரள்கின்றன. முன்பெல்லாம் இதைச் சூட்டால் கெட்டுப்போன புரதம் என்றே எண்ணினார்கள். 2017இல் சிகாகோவில் நடந்த ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. திரளும் தன்மையைக் குறைத்துவிட்டால் அந்த ஈஸ்ட் சூட்டில் நன்றாக வளர்வதில்லை. ஆகவே திரள்வது கேடன்று, தற்காப்பு. சூடு தணிந்ததும் உதவிப் புரதங்கள் அதைக் கரைத்துவிடுகின்றன. கரையாமலே போனால்?

இந்தக் கேள்வியோடு ஈஸ்ட்டை விட்டு மனிதருக்கு வருகிறோம். நம் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் நரம்புச் செல்லின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதன் கடைக்கோடிக்கும் சீட்டுகள் போக வேண்டும், சுமப்பவர்கள் வேண்டும். தசைகளை ஏவும் நரம்புச் செல்கள் மெல்ல மெல்ல அழியும் ஏ.எல்.எஸ். என்றொரு நோய் உண்டு. வானியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது அதுதான். அந்நோயாளரில் மிகப் பெரும்பாலோரின் நரம்புச் செல்களில், உட்கருவுக்குள் இருக்க வேண்டிய டி.டி.பி.43 என்ற புரதம் வெளியே வந்து கட்டிகட்டியாகத் திரண்டு கிடப்பதை 2006இல் கண்டார்கள். டி.டி.பி.43உம் ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதமே.

அந்த மனிதப் புரதத்தை ஈஸ்ட்டுக்குள் நிறைய உண்டாக்கினால் ஈஸ்ட்டும் நோயுறுகிறது. திரண்டு, வளர்ச்சி குன்றுகிறது. நோயாளியிடம் செய்ய முடியாத சோதனையை ஈஸ்ட்டிடம் செய்யலாம் அல்லவா? ஆயிரக்கணக்கான ஈஸ்ட் ஜீன்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். பி.பி.பி.1 என்ற ஜீன் கூடினால் நஞ்சு கூடிற்று. அதை நீக்கினால் ஈஸ்ட் தெளிந்தது. பாப்1ஐப் பற்றும் புரதம் என்பதே பி.பி.பி.1 பெயரின் பொருள். அதற்கு நம் உடலில் நேரான உறவு அடாக்சின்2. ஏரன் கிட்லர் குழுவினர் நோயாளரின் அடாக்சின்2 ஜீனைப் படித்தார்கள். அதில் ஒரு பகுதி வழக்கத்தைவிடச் சற்று நீண்டிருப்பது ஏ.எல்.எஸ். நோயாளரிடம் மற்றவர்களைவிட அதிகம் என்று 2010இல் அறிவித்தார்கள். ஒரு பிடி ஈஸ்ட் காட்டிய வழி! 2017இல் அடாக்சின்2ஐக் குறைத்தபோது நோயுற்ற எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன. மனிதரிடம் அதே வழியில் செய்த ஒரு மருந்துச் சோதனை பலன் தராததால் 2024இல் நிறுத்தப்பட்டது. வருத்தந்தான். எலியில் பலித்தது மனிதரில் பலிக்காமல் போவது மருத்துவத்தில் புதிதன்று. ஆராய்ச்சி நிற்கவில்லை, உங்களுள் யாராவது அங்கே போய்ச் சேரலாம்.

அதற்கு முன் நம் ஆய்வகத்துக்கு வாருங்கள். ஒரு சிட்டிகை ஈஸ்ட்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், செத்துவிடும். ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் இட்டு, நன்றாக நீர் கலந்த மெத்திலின் நீலம் ஒரு துளி சேர்த்து, 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நீலமேறியவை இறந்தவை. நிறமற்றவை உயிருள்ளவை. அவற்றுள் பெரிய உருண்டையோடு சிறிய உருண்டை ஒட்டியிருப்பது தாயும் மகளும். சீட்டு உங்களுக்குத் தெரியாது, நம் நுண்ணோக்கிக்கு அந்த ஆற்றல் இல்லை. கடையில் வாங்கும் ஈஸ்ட்டும் பெரும்பாலும் முன்பே இணைந்துவிட்டதாக இருக்குமாதலால் வகை மாறுவதையும் காண முடியாது. மொட்டின் நுனி எங்கே என்று மட்டும் வரைந்து, அம்புக்குறி போட்டு, குறிப்பேட்டில் எனக்குக் காட்டுங்கள். கடைசி பெஞ்சு மாணவி முதலில் வரட்டும்.